மூச்சா, நாடியா? ஐதராபாத் குளோரோபார்ம் ஆணையங்களின் வரலாறு

அறுவை மேசையில் மயங்கிக் கிடக்கும் நோயாளியின் உயிரைக் காக்க மருத்துவர் எதைக் கவனிக்க வேண்டும், மூச்சையா நாடியையா என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டிஷ் மருத்துவ உலகை இரு கட்சிகளாகப் பிரித்து வைத்திருந்தது. அந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் பொறுப்பை லண்டனோ எடின்பரோவோ அல்லாத ஒரு நகரம், பிரிட்டிஷ் இந்தியாவின் நேரடி ஆட்சிக்கும் உட்படாத ஒரு சுதேச சமஸ்தானத்தின் தலைநகரம், 1888 முதல் 1890 வரை தன் கருவூலப் பணத்தைச் செலவிட்டு ஏற்றுக்கொண்டது. ஐதராபாத் நிஜாமின் பொருளுதவியால் நடைபெற்ற இரு குளோரோபார்ம் ஆணையங்களும் மயக்கவியல் ஆய்வின் வரலாற்றில் மிகப் பெரிய முயற்சிகளுள் அடங்குவன. அவை கண்ட முடிவோ தவறானது என்பது அடுத்த கால் நூற்றாண்டுக்குள் தெளிவாயிற்று. சோம்பலாலோ ஏமாற்றாலோ அல்லாமல், பெரும் உழைப்புக்கும் நேர்மையான பதிவுக்கும் நடுவே அத்தவறு நிகழ்ந்தது என்பதே இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்கத் தூண்டுகிறது.

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைக் கொண்டு வலியற்ற அறுவை சாத்தியம் என்று காட்டிய பின், ஓராண்டுக்குள், 1847 நவம்பரில், எடின்பரோவின் மகப்பேற்று மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோபார்மை அறிமுகப்படுத்தினார். ஈதர் தொண்டையை உறுத்தும், மயங்க நேரம் பிடிக்கும், தீப்பற்றும்; குளோரோபார்முக்கு இனிய மணம் உண்டு, கைக்குட்டையில் சில துளிகள் இட்டு முகர வைத்தாலே போதும், சில நிமிடங்களில் நோயாளி அடங்கிவிடுவார். இந்தியாவில் அதற்கு இன்னொரு வசதியும் இருந்தது: ஈதர் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும் பொருள் ஆதலால் கோடைக்காலத்தில் குப்பியைத் திறந்தாலே பாதி காற்றோடு போய்விடும், 61 டிகிரியில் கொதிக்கும் குளோரோபார்மோ வெப்ப நாட்டுக்கு ஏற்றதாக அமைந்தது. 1847 மார்ச்சில் கல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. 1848 ஜனவரியிலேயே குளோரோபார்மும் அங்கு வந்து சேர்ந்து, விரைவில் ஈதரை ஓரங்கட்டிவிட்டது.

அதே 1848 ஜனவரியின் இறுதியில், வட இங்கிலாந்தில் நியூகாசில் அருகே, கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோபார்ம் தரப்பட்ட 15 வயதுப் பெண் ஒருத்தி மூன்று நிமிட நேரத்துக்குள் இறந்துபோனாள். நோயின் கடுமையால் நேர்ந்த சாவு என்று சொல்லிச் சமாதானம் அடைய வழியில்லாத சாவு அது. அற்பமான அறுவைக்கு வந்த, உடல்நலம் நன்றாக இருந்த ஒருத்தியின் சாவு. லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ, செறிவு மிகுந்த ஆவி இதயத்தைத் தாக்கிச் செயலிழக்கச் செய்துவிட்டது என்று கருதினார். சிம்ப்சனோ, அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியும் மூச்சுக்குழலை அடைத்ததே காரணம் என்றார். அடுத்த அறுபது ஆண்டுகளின் சர்ச்சை முழுவதும் இந்த ஒரே சாவைப் பற்றிய இவ்விரு விளக்கங்களுக்குள் முளைவிட்டு நின்றது என்று கூறலாம்.

ஸ்னோவின் பார்வை ஆவியின் அளவைப் பற்றியது. காற்றில் குளோரோபார்ம் ஆவி எத்தனை விழுக்காடு கலந்திருக்கிறது என்பதைக் கட்டுப்படுத்தும் முகர்கருவியை அவர் அமைத்தார். 1853இல் விக்டோரியா அரசியின் பிரசவத்தில் குளோரோபார்ம் தந்தவரும் அவரே. அவர் மறைந்த 1858ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் குளோரோபார்மால் நேர்ந்த 50 சாவுகளைத் தொகுத்து, பெரும்பாலானவற்றில் இதயமே முதலில் நின்றது என்று வாதிட்டார். எடின்பரோவின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைம் இதற்கு நேர் எதிரான வழியில் சென்றார். கருவி வேண்டாம், அளவு வேண்டாம், மடித்த துணியில் தாராளமாக ஊற்றுக, நாடியைத் தொட்டுக் காலத்தை வீணாக்காமல் மூச்சை மட்டும் கவனித்திருக்க, நாக்கு பின்னே விழுந்து தொண்டையை அடைத்தால் இழுத்துவிடுக என்பதே அவருடைய பாடம். தம் ஆயிரக்கணக்கான நோயாளிகளில் ஒருவரும் குளோரோபார்மால் சாகவில்லை என்பது அவர் காட்டிய சான்று.

இக்கருத்து வேற்றுமைக்குப் பின்னால் தொழில் சார்ந்த ஒரு பிணக்கும் ஒளிந்திருந்தது. எடின்பரோவில் மயக்க மருந்து தருவது மாணவர்களும் உதவியாளர்களும் செய்யும் வேலை; லண்டனில் அது மெல்ல மெல்லத் தனித்துறையாக வளர்ந்து, அதையே தொழிலாகக் கொண்ட மருத்துவர்கள் தோன்றிக்கொண்டிருந்தனர். மூச்சை மட்டும் பார்த்தால் போதும் என்றால் யாரும் குளோரோபார்ம் தரலாம். இதயம் எந்தக் கணத்திலும் முன்னறிவிப்பின்றி நின்றுவிடலாம் என்றால் பயிற்சி பெற்ற வல்லுநர் இன்றியமையாதவர். ஆய்வு முடிவுகளை இரு தரப்பாரும் எவ்வளவு சூட்டோடு வரவேற்றனர் அல்லது மறுத்தனர் என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி உதவும்.

பிரிட்டனின் மருத்துவ அமைப்புகள் கைகட்டி நிற்கவில்லை. 1864இல் ஒரு குழுவும், 1870களின் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் சார்பில் கிளாஸ்கோவில் இன்னொரு குழுவும் விலங்குகளில் ஆய்வு நடத்தின. குளோரோபார்ம் இரத்த அழுத்தத்தைத் திடீரெனவும், எப்போது என்று சொல்ல முடியாதபடியும் வீழ்த்துகிறது, இதயத்தை நேரடியாகத் தாக்குகிறது என்று கிளாஸ்கோ குழு கண்டது. லண்டன் கட்சி வென்றுவிட்டதாகவே தோன்றிய அந்நிலையில்தான் ஐதராபாத்திலிருந்து மறுப்புக் குரல் எழுந்தது.

அக்குரலுக்கு உரியவர் எட்வர்ட் லாரி. எடின்பரோவில் சைமிடம் பயின்று, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, 1885 முதல் ஐதராபாத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்சியின் மருத்துவராகப் பணியாற்றியவர். ரெசிடென்சி என்பது சுதேச மன்னரின் அவையில் பிரிட்டிஷ் அரசின் பேராளர் அமர்ந்த இடம். அதன் மருத்துவரே நிஜாமின் மருத்துவத் துறைக்கும் மருத்துவப் பள்ளிக்கும் தலைவராக இருப்பது அங்கு வழக்கமாகியிருந்தது. அந்த மருத்துவப் பள்ளி 1846இல் தொடங்கப்பட்டு, நெடுங்காலம் உருது மொழியிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்து வந்தது என்பதும், மூசி ஆற்றங்கரையில் அப்சல்கஞ்சில் இருந்த மருத்துவமனையே அதன் மாணவர்களுக்குப் பயிற்சிக் களம் என்பதும் குறிப்பிடத்தக்கவை. லாரி துணிவும் உழைப்பும் மிக்கவர். தாம் கொண்டதை விடாதவர். சைமின் முறையில் பல ஆண்டுகள் பல்லாயிரம் பேருக்குக் குளோரோபார்ம் தந்தும் ஒரு சாவும் நேரவில்லை என்பது அவருடைய வாதத்தின் அடித்தளம். இதே லாரிதான் பின்னாளில், மலேரியாவுக்குக் காரணமான நுண்ணுயிரி என்று லவெரான் கண்டதை ஏற்க மறுத்து, அண்டையிலிருந்த செகந்திராபாத்தில் உழைத்துக்கொண்டிருந்த ரொனால்ட் ராஸுடன் முரண்பட்டவர் என்பதை நினைவில் கொண்டால், அவருடைய உறுதி எந்த வகையைச் சேர்ந்தது என்பது விளங்கும்.

1888இல் லாரியின் தூண்டுதலால் நிஜாமின் அரசு முதல் குளோரோபார்ம் ஆணையத்தை அமைத்தது. நாய்களுக்குப் பலவகையில் குளோரோபார்ம் தந்து கொன்று பார்த்த அவ்வாணையம், ஒவ்வொரு முறையும் மூச்சு முதலில் நின்றது, இதயம் அதன் பின்னரே நின்றது என்று அறிவித்தது. லண்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட் இம்முடிவை ஐயத்தோடு நோக்கியது. இரத்த அழுத்தத்தை அளந்து பதிவு செய்யாமல், வெறும் கண்ணாலும் கையாலும் கண்டதைக் கொண்டு கிளாஸ்கோ குழுவின் முடிவை எப்படித் தள்ளிவிட முடியும் என்பதே விமரிசனத்தின் சாரம். லாரி பின்வாங்கவில்லை. லான்செட் தானே ஒரு வல்லுநரைத் தேர்ந்து அனுப்பட்டும், அவர் வந்துபோகும் செலவுக்கு நிஜாம் 1,000 பவுண்டு தருவார் என்று அறிவிக்கச் செய்தார். ஆறாம் நிஜாமான மஹபூப் அலி கானுக்கு அப்போது 23 வயது. இந்தியச் சமஸ்தானம் ஒன்று பிரிட்டனின் தலைசிறந்த மருத்துவ இதழை, வந்து சோதித்துப் பாருங்கள் என்று பணம் கட்டி அழைத்த நிகழ்ச்சி அக்காலத்துக்கு மிகப் புதுமையானது.

லான்செட் தேர்ந்தெடுத்தவர் தாமஸ் லாடர் பிரன்டன். லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையைச் சேர்ந்த இவர், இதய நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட் பயன்படும் என்று 1867இலேயே காட்டியவர். மருந்துகள் உடலில் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராயும் துறையில் பிரிட்டனின் முன்னணி அறிஞர். குளோரோபார்ம் இதயத்தை நிறுத்தக்கூடும் என்ற எண்ணத்தோடுதான் அவர் 1889 அக்டோபரில் ஐதராபாத் வந்து சேர்ந்தார். லாரி தலைமை ஏற்க, பிரன்டனும், இந்திய அரசின் சார்பில் வந்த ஜெரால்ட் பாம்ஃபோர்டும், ஐதராபாத்தின் மருத்துவர் ரஸ்தம்ஜியும் உறுப்பினராக, இரண்டாம் ஆணையம் அந்த மாதமே வேலையைத் தொடங்கி டிசம்பர் வரை நடத்தியது.

பணியின் அளவு இன்றும் வியக்கவைப்பது. நாய், குரங்கு, ஆடு, பூனை, முயல், குதிரை என 490 விலங்குகள் பயன்படுத்தப்பட்டன. அவற்றுள் 120இல் இரத்தக் குழாயோடு இணைத்த அழுத்தமானியின் வழியே ஒவ்வொரு துடிப்பும் பதிவாயிற்று. இதற்கு உதவிய கைமோகிராப் என்பது மெல்லச் சுழலும் உருளையின் மீது ஒரு முள் கோடிழுத்துச் செல்லும் கருவி. அழுத்தம் ஏறினால் கோடு ஏறும், விழுந்தால் கோடு விழும், மூச்சின் அசைவும் பக்கத்திலேயே பதிவாகும் என்பதால் எது முன்னே நின்றது என்பதை நினைவை நம்பாமல் காகிதத்தில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாப் பதிவுகளையும் படமெடுத்துப் பாதுகாத்தனர். வலியின் அதிர்ச்சியால் இதயம் நிற்கிறதா, பட்டினி கிடந்த விலங்கில் வேறுபாடு உண்டா, கழுத்து வழியே இதயத்துக்குச் சென்று அதன் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் என்ன ஆகிறது என்றெல்லாம் தனித்தனியே சோதித்தனர். பிரிட்டனில் விலங்கு ஆய்வுக்கு 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும், உயிர்வதை எதிர்ப்பாளரின் கண்காணிப்பும் கடுமையாக இருந்தது. நிஜாமின் எல்லைக்குள் அச்சட்டம் செல்லாது. இத்தனை விலங்குகளை இரண்டே மாதத்தில் பலியிட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை ஆணையத்தைப் புகழ்ந்து எழுதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டனர்.

டிசம்பரில் பிரன்டன் லான்செட்டுக்கு அனுப்பிய தந்தி எதிர்பாராத திருப்பமாக அமைந்தது. குளோரோபார்மின் ஆபத்து மூச்சுத் திணறலும் மிகையளவும் மட்டுமே, இதயத்தின் மீது நேரடியான ஆபத்து சிறிதும் இல்லை என்று அவர் அறிவித்தார்; ஐயுற்று வந்தவர் லாரியின் கட்சிக்கே மாறிவிட்டார். 1890இல் லான்செட்டில் பகுதி பகுதியாக வெளிவந்த நெடிய அறிக்கை இதையே விதிகளாக வகுத்தது: நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, ஆடைகளைத் தளர்த்தி, மூச்சு தடையின்றி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும், நாடியைக் கவனிக்க வேண்டியதே இல்லை. பதிவுகளில் அழுத்தம் திடீரென விழுந்த இடங்களும் இருக்கத்தான் செய்தன. அவற்றை விலங்கு திமிறியதாலும் மூச்சை அடக்கியதாலும் வந்த விளைவு என்று ஆணையம் விளக்கியது. அழுத்தம் குறைந்தால் குளோரோபார்ம் உடலெங்கும் பரவுவதும் குறையும், ஆகவே அது உடல் தனக்குத் தானே அமைத்துக்கொண்ட காப்பு என்றுகூட எழுதியது. தன் கருத்துக்கு முரணான சான்றைக் கருத்துக்கு ஆதரவாக மாற்றிக்கொள்ளும் இந்தத் திறமையே அறிக்கையின் மிகப் பலவீனமான பகுதி.

எதிர்வாதங்கள் உடனே தோன்றின. 1890இல் அபர்தீனின் ஜான் மக்வில்லியம், குளோரோபார்ம் தரப்பட்டதும் இதயம் வீங்கித் தளர்வதைத் தாமே கண்டதாக எழுதினார். கேம்பிரிட்ஜின் காஸ்கெல், ஷோர் ஆகிய இருவரின் ஆய்வு மேலும் கூர்மையானது: ஒரு விலங்கின் மூளைக்கு மட்டும் இன்னொரு விலங்கின் இரத்தம் செல்லுமாறு குழாய்களை மாற்றி இணைத்து, குளோரோபார்ம் மூளையை மட்டும் அடைந்தால் அழுத்தம் விழுவதில்லை, இதயத்தை அடைந்தால்தான் விழுகிறது என்று 1893இல் காட்டினர். இந்த ஆய்வுக்கும் பணம் தந்தது நிஜாமின் அரசே. தன் ஆணையத்தின் முடிவை மறுக்கப்போகும் ஆய்வுக்கும் கருவூலத்தைத் திறந்துவைத்த அரசு என்ற பெருமை, லாரிக்கு இல்லாவிட்டாலும், ஐதராபாத்துக்கு உண்டு. லாரியோ 1901இல் குளோரோபார்ம் பற்றிய கைந்நூலை வெளியிட்ட போதும் தம் நிலையிலிருந்து நகரவில்லை. 1915இல் மறையும் வரை அவர் மாறியதற்குச் சான்றில்லை.

ஆணையம் எங்கே தவறியது என்பதற்கு உண்மையான விடை 1911இல்தான் கிடைத்தது. லண்டனின் குட்மன் லெவி என்ற மருத்துவர், பூனைகளுக்கு இலேசான மயக்கம் மட்டும் தருமளவு குளோரோபார்மைக் கொடுத்துக்கொண்டே சிறிதளவு அட்ரினலினைச் செலுத்திய போது, நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த பூனை திடீரென இறந்தது. மின்இதயப் பதிவில் முன்னோடியான தாமஸ் லூயிஸுடன் சேர்ந்து அவர் அதை ஆராய்ந்த போது, இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, தசைநார் ஒவ்வொன்றும் தன் போக்கில் நடுங்கும் நிலை தெரிந்தது. கீழறை நடுக்கம் எனப்படும் இந்நிலையில் இதயம் அசைந்துகொண்டிருக்கும், ஆனால் இரத்தத்தை வெளியேற்றாது. சில நிமிடங்களில் சாவு உறுதி. அட்ரினலின் என்பது அச்சத்திலும் வலியிலும் உடல் தானே சுரக்கும் பொருள். மேசையில் ஏறும்போதே நடுங்கும் நோயாளி, அரைமயக்கத்தில் கத்தி படும் நோயாளி, பயந்து பயந்து சிறிது தந்து நிறுத்தி மீண்டும் தரும் மருத்துவரின் கையில் சிக்கிய நோயாளி ஆகியோரே இவ்வாபத்துக்கு உரியவர்கள் என்று லெவி காட்டினார். மயக்கத்தின் தொடக்கத்திலும், பல் பிடுங்குவது போன்ற அற்ப அறுவைகளிலும், திடகாத்திரமானவர்களே ஏன் சாகிறார்கள் என்ற அறுபதாண்டுப் புதிர் அவிழ்ந்தது. எச்சரிக்கை என்று எண்ணிச் செய்த குறைந்த அளவே கொன்றது என்பது ஸ்னோவின் கட்சிக்கும் எதிர்பாராத செய்தி.

இதை வைத்துப் பார்த்தால் ஐதராபாத்தின் தவறு தெளிவாகிறது. ஆணையம் தன் விலங்குகளில் மிகப் பலவற்றை மிகையளவால் கொன்றது; மிகையளவால் சாகும் விலங்கில் மூச்சு மையமே முதலில் அடங்கும் என்பதால் எத்தனை முறை செய்தாலும் அதே விடை வரும். நாய் எப்படிச் சாகிறது என்று கேட்டுப் பெற்ற விடையை, மனிதர் ஏன் சாகிறார் என்ற வேறொரு கேள்விக்கு விடையாக எழுதிவிட்டனர். இன்னொரு பிழை எண்ணிக்கை பற்றியது. ஜெனீவாவின் ஜூலியார் 1891இல் தொகுத்த கணக்கில் 5,24,507 குளோரோபார்ம் மயக்கங்களில் 161 சாவுகள், அதாவது 3,258இல் ஒன்று. 3,14,738 ஈதர் மயக்கங்களில் 21 சாவுகள், அதாவது 14,987இல் ஒன்று. மூவாயிரத்தில் ஒருமுறை நேரும் நிகழ்ச்சியை 490 விலங்குகளில் தேடியவர்களுக்கு அது கிடைக்காமல் போனதில் வியப்பில்லை. கிடைக்காததை இல்லை என்று அறிவித்ததே பிழை. லாரியின் சொந்த அனுபவத்தில் சாவு நேராததற்கு இந்திய வெப்பமும், திறந்த சன்னல்களால் ஆவி நீர்த்துப்போவதும் காரணமாகலாம் என்று அக்காலத்தவர் சிலர் கூறினர். இறந்தவர்களின் எண்ணிக்கையை மொத்தத் தொகையோடு ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்ய முடியாது என்ற உணர்வு மெல்லப் பரவியது. லான்செட்டே 1893இல் மருத்துவமனைகளிலிருந்து சாவுகளைத் திரட்டி, மனித நோயாளிகளை மையமாகக் கொண்ட தனி ஆய்வறிக்கையை வெளியிட்டது.

ஆயினும் ஆணையத்தை வெறும் தோல்வியாக எழுதிவிடுவது நியாயம் ஆகாது. மூச்சுவழியைத் திறந்து வைக்க வேண்டும், நாக்கு விழாமல் தாடையை முன்னே தூக்க வேண்டும், மார்பை இறுக்கும் ஆடையைத் தளர்த்த வேண்டும் என்ற அதன் அறிவுரைகள் இன்றும் மயக்க மருத்துவத்தின் முதல் பாடங்கள். மற்றொரு விளைவு, லண்டனில் எவரும் கவனிக்காதது, ஐதராபாத்திலேயே நிகழ்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டதற்குப் பத்தாண்டுக்குப் பின், 1885இல், ஐதராபாத் மருத்துவப் பள்ளியும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அந்த முதல் அணியில் ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்ணும் இருந்தார். லாரியின் மாணவியாகிய இவர் 1889இல் தேர்ச்சி பெற்று, குளோரோபார்ம் தருவதையே தம் பணியாகக் கொண்டு ஐதராபாத்தின் மருத்துவமனைகளில் உழைத்து, 1909இல் மேற்படிப்புக்காக எடின்பரோ சென்று, திரும்பி வந்து 1920இல் ஓய்வு பெற்றார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று வரலாற்றாசிரியர் பலரும் இவரையே குறிப்பிடுகின்றனர். அப்சல்கஞ்ச் மருத்துவமனை 1908ஆம் ஆண்டு மூசி வெள்ளத்தில் சிதைந்தது. அதன் வழித்தோன்றலாக எழுந்ததே உஸ்மானியா பொது மருத்துவமனை.

20ஆம் நூற்றாண்டில் எண்ணிக்கை பெருகியது, கேள்விகள் மாறின. அமெரிக்காவில் ஹென்றி பீச்சரும் டாட் என்பவரும் 1948 முதல் 1952 வரை பத்து மருத்துவமனைகளில் நிகழ்ந்த 5,99,548 மயக்கங்களை ஆராய்ந்து, 1,560இல் ஒரு சாவு மயக்க மருந்தால் நேர்ந்தது என்றும், தசையைத் தளர்த்தும் குராரே போன்ற மருந்துகள் சேர்ந்த இடத்தில் அது 370இல் ஒன்றாக ஏறியது என்றும் 1954இல் வெளியிட்டனர். குராரே நச்சுடையதா, அதைத் தந்தவர்கள் மூச்சைத் தாங்கிப்பிடிக்கத் தவறினரா என்ற சர்ச்சை எழுந்த போது, பழைய மூச்சு நாடி வழக்கே வேறு வடிவில் திரும்பி வந்தது. குளோரோபார்ம் 1956இல் மான்செஸ்டரில் மனிதருக்கு முதன்முதலில் தரப்பட்ட ஹாலோத்தேனுக்கு இடம்விட்டு ஒதுங்கியது.

அறுவைக்கூடத்துக்கு வெளியே, டென்மார்க்கின் கோபன்ஹேகனில், மூச்சைப் பேணும் கலைக்கு 1952இல் பெருவெற்றி கிடைத்தது. இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோயால் விழுங்கவும் மூச்சுவிடவும் முடியாமல் பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்த முதல் 31 பேருள் 27 பேர், அங்கிருந்த இயந்திரங்களையும் மீறி, இறந்தனர். அழைத்து வரப்பட்ட மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், இரத்தத்தில் புதிரான காரத்தன்மை என்று கருதப்பட்டது உண்மையில் காரத்தன்மை அன்று, கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியதன் விளைவு என்று கண்டறிந்து, ஆகஸ்டு 27 அன்று 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு ஊட்டிக் காப்பாற்றினார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் மாறி மாறி அமர்ந்து 1,65,000 மணி நேரம் பை அழுத்தினர். சாவு விகிதம் பாதிக்கும் கீழே விழுந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற அமைப்பு இதிலிருந்தே பிறந்தது. இங்கே யாரையும் இரு குழுவாகப் பிரித்துச் சோதிக்கத் தேவைப்படவில்லை. பத்தில் ஒன்பது பேர் சாகும் நோயில் பாதிக்கு மேல் பிழைத்தால் அதைக் காண கணக்கியல் வேண்டாம். ஆனால் ஆயிரத்தில் ஒன்றாகவும் இலட்சத்தில் ஒன்றாகவும் சுருங்கிவிட்ட மயக்கச் சாவுகளை ஆராய்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

அதற்குச் சான்றாக டென்மார்க்கிலேயே இன்னொரு ஆய்வு நடந்தது. ஜப்பானின் தகுவோ அவோயாகி 1970களில் கண்டறிந்த கோட்பாட்டின்படி அமைந்த பல்ஸ் ஆக்சிமீட்டர், விரல்நுனியில் ஊடுருவும் ஒளியைக் கொண்டு நாடியையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் ஒருங்கே காட்டுவது. எடின்பரோவும் லண்டனும் சண்டையிட்ட இரு அறிகுறிகளும் ஒரே திரையில் வந்துவிட்டன. 1993இல் மோலரும் அவருடன் பணியாற்றியோரும் 20,802 அறுவை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியது போல் இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் இக்கருவியை மாட்டி ஒப்பிட்டனர். ஆக்சிஜன் குறைந்த தருணங்கள் கருவி மாட்டியவர்களில் 19 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டன. சாவிலோ பெரிய சிக்கல்களிலோ இரு குழுவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய ஆய்வும் சாவைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு விடை காணப் போதவில்லை என்றே வல்லுநர்கள் அதைப் படித்தனர், பயனற்றது என்று எவரும் கருவியைக் கழற்றிவிடவில்லை. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், மயக்க மருந்து தரும் முன் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்றாக, நோயாளியின் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டப்பட்டு இயங்குகிறதா என்பதைச் சேர்த்திருக்கிறது.